தொடாதே என்று எழுதாத கணினி

கொல்லிமலையில் நாங்கள் நடத்தும் ஞாயிற்றுக்கிழமைக் கணினி வகுப்புக்குப் புதிதாக வரும் எந்தக் குழந்தையும் முதலில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறது: "தொடலாமாண்ணா?"

இது என்ன, எப்படி ஓடுது, இதில் படம் வருமா என்றெல்லாம் பிறகுதான் கேட்பார்கள். முதலில் அனுமதி. அந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எங்களுக்குள் ஏதோ ஒன்று சுருங்கும். ஏனென்றால் அதே கேள்வியை, ஏறக்குறைய அதே வயதில், நாங்களும் கேட்டிருக்கிறோம்.

நாங்கள் நான்கு பேர். மலையடிவாரத்தில் சேந்தமங்கலம் பக்கத்துக் காலனிகளில் பிறந்து வளர்ந்த அருந்ததியர் பிள்ளைகள். இன்று முப்பதுகளில் இருக்கிறோம். 2009இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்த பிறகு, எங்களில் ஒருவர் முதுகலைச் சமூகவியல் படித்துச் சமூகப் பணிக்கு வந்தார். இன்னொருவர் நாமக்கல்லில் கணினி பழுது பார்க்கிறார். மற்ற இருவர் ஆசிரியர்கள். எங்களை ஒன்றாகக் கட்டி வைத்திருப்பது ஊரும் சாதியும் மட்டுமல்ல, கணினிப் பைத்தியமும்தான். இருபது ஆண்டுகளுக்கு மேலாக விடாத பைத்தியம். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

"கம்ப்யூட்டருக்குச் சாதி தெரியாது" என்று எங்களிடம் பலர் சொல்லியிருக்கிறார்கள். படித்தவர்கள், நல்லவர்கள், சில தோழர்கள்கூட. பாதி உண்மை. இயந்திரம் எங்களை ஒருபோதும் எந்தத் தெரு என்று கேட்டதில்லை. அதனால்தான் அதன்மேல் அவ்வளவு ஆசை வந்தது. தவறாகத் தட்டினால் தவறு என்று சொல்லும், சரியாகத் தட்டினால் வேலை செய்யும். எங்கள் ஊரில் அப்படி நடந்துகொண்ட வேறு யாரையும் நாங்கள் பார்த்ததில்லை. ஆனால் அந்த இயந்திரத்தின் முன்னால் போய் உட்காருவதற்குள் எத்தனை பேரைத் தாண்ட வேண்டியிருந்தது என்பதுதான் மீதிப் பாதி.

2003 வாக்கில் ஒரு பிரவுசிங் சென்டரில் மணிக்கு 20 ரூபாய். அம்மாக்கள் சேகோ ஆலையில் மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் சீவி வாங்கிய நாள் கூலியில் அது ஒரு பெரிய பங்கு. நான்கு பேர் காசு போட்டு ஒரு மணி நேரம் வாங்குவோம். ஒருவர் உட்கார, மூன்று பேர் நிற்க, ஆளுக்குப் பதினைந்து நிமிடம். என்ன செய்ய வேண்டும் என்று வீட்டிலேயே நோட்டில் எழுதிக்கொண்டு போவோம், நேரம் வீணாகிவிடக் கூடாது என்று. இப்போது யோசித்தால், எங்களுக்குக் கிடைக்காமல் போனதே அந்த வீண் நேரம்தான்.

பிறகு ஒரு டி.டி.பி. கடையில் எங்களில் ஒருவருக்கு வேலை கிடைத்தது. முதல் மூன்று மாதம் கூட்டவும் டீ வாங்கவும் பிரிண்ட் எடுத்த தாளை அடுக்கவும்தான். விசைப்பலகையைத் தொட அனுமதி இல்லை. கடை மூடிய பிறகு, மூத்த ஊழியர் ஒருவர் இரக்கப்பட்டு அரை மணி நேரம் விட்டுக் கொடுத்தார். கண்ணீர் அஞ்சலி சுவரொட்டிகளை அடித்து அடித்துத்தான் தமிழ்த் தட்டச்சு வந்தது. இறந்தவர்கள் எங்களுக்கு எழுதக் கற்றுக் கொடுத்தார்கள் என்று விளையாட்டாகச் சொல்வோம். ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு எழுத்துரு. இங்கே அடித்ததை அங்கே திறந்தால் கட்டம் கட்டமாக வரும். யூனிகோடும் ஈ-கலப்பையும் வந்த பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. தமிழில் தட்டச்சு செய்யும் மென்பொருளுக்குக் கலப்பை என்று பெயர் வைத்தவர்கள் யாருக்காக வைத்தார்களோ தெரியாது. அடுத்தவன் காட்டில் கலப்பை பிடித்தவர்களின் பேரப் பிள்ளைகளான எங்களுக்கு, அது எங்களுக்கே வைத்த பெயராகத் தெரிந்தது.

அடுத்து ஒரு காட்சி. அதை எழுதாமல் இந்தப் பதிவை எழுத முடியாது.

பழுது பார்க்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கிராமத்து வீட்டுக்குப் போனோம். வாசலிலேயே எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம் என்ற விசாரணை முடிந்தது. வீட்டுக்காரர் உள்ளே போனார். சி.பி.யூ.வைத் தாமே தூக்கிக்கொண்டு வந்து திண்ணையில் வைத்தார். மானிட்டர் உள்ளேயே இருந்தது. அதைச் சன்னல் பக்கம் திருப்பி வைத்து, வயரைச் சன்னல் கம்பி வழியாக வெளியே நீட்டினார்கள். திண்ணையில் உட்கார்ந்து, கம்பிகளுக்கு நடுவே தெரிந்த திரையைப் பார்த்துக்கொண்டே விண்டோஸ் ஏற்றிக் கொடுத்தோம். பேப்பர் கப்பில் டீ வந்தது. வேலை முடிந்ததும், எங்கள் கை வியர்வை காயாத அதே விசைப்பலகையை அவர் மகிழ்ச்சியோடு தட்டிப் பார்த்து உள்ளே எடுத்துப் போனார்.

ஆக, கணினிக்குத் தீட்டு ஒட்டவில்லை. வாசற்படிக்குத்தான் ஒட்டும் போலிருக்கிறது. கம்ப்யூட்டருக்குச் சாதி தெரியாது என்று யாராவது சொன்னால், எங்களுக்கு அந்தச் சன்னல் கம்பிதான் நினைவுக்கு வருகிறது.

கணினிப் பைத்தியம் எப்படி உருவாகிறது? பிறவி மேதைமை என்பார்கள். உலகத்துக்கே தெரிந்த உதாரணத்தைப் பார்ப்போம். பில் கேட்ஸ் 1968இல், பதின்மூன்றாவது வயதில், சியாட்டில் லேக்சைடு பள்ளியில் கணினியைத் தொட்டார். அந்தப் பள்ளியின் தாய்மார் சங்கம் பழைய பொருள்களை விற்ற பணத்தில் கணினி முனையமும் இயக்க நேரமும் வாங்கித் தந்தது. அமெரிக்காவின் பெரும்பாலான பள்ளிகளில் அன்று அது கிடையாது. அது மட்டுமல்ல. அவரும் நண்பர்களும் கணினி நிறுவனம் ஒன்றின் மென்பொருள் ஓட்டையைப் பயன்படுத்தி இலவசமாக நேரம் திருடினார்கள். பிடிபட்டார்கள், கொஞ்ச நாள் தடை விதித்தார்கள். பிறகு அதே நிறுவனம் அவர்களைக் கூப்பிட்டு, எங்கள் அமைப்பில் வேறு என்ன ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள், இலவசமாக நேரம் தருகிறோம் என்றது.

அவருடைய அறிவை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. தொட்டதும், கெடுத்ததும், பிடிபட்டதும் அவருடைய பெருமைக் கதையின் பகுதியாகிவிட்டன என்று மட்டும் சொல்கிறோம். எங்கள் காலனிப் பையன் பள்ளிக் கணினியில் அதையே செய்திருந்தால் அது எந்தக் கதையாகியிருக்கும் என்று நாங்கள் விளக்க வேண்டியதில்லை. திறமை என்பதில் பெரும்பகுதி, கெடுத்துப் பார்த்தும் தப்பித்துக்கொள்ளும் வசதி. அந்த வசதி பரம்பரையாக வருகிறது, நிலம் போல.

அந்தப் பரம்பரையைக் கொஞ்சம் உடைத்தது அரசு லேப்டாப். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டம். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு, முதன்முதலாக, சொந்தமாக ஒரு கணினி. அன்றைக்கு எவ்வளவு கிண்டல்! இலவசம், சினிமா பார்க்கிறார்கள், விற்றுவிடுகிறார்கள் என்று. ஆம், சினிமா பார்த்தார்கள். எங்கள் தம்பி தங்கைகள் படம் ஓடவில்லை என்றுதான் கோடெக் என்றால் என்ன என்று தேடினார்கள். இடம் போதவில்லை என்றுதான் வன்தட்டைப் பிரிக்கக் கற்றார்கள். ஆரம்ப ஆண்டுகளில் வந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. தவறுதலாக அதைத் திறந்துவிட்டு வெளியே வரத் தெரியாமல் விழித்து, அப்படியே லினக்ஸ் கற்றுக்கொண்ட ஒருவர் இன்று எங்கள் வகுப்பில் பாடம் எடுக்கிறார். எங்கள் தெருவில் முதன்முதலாக ஒரு பிள்ளை யாரிடமும் கேட்காமல் ஒரு கணினியைத் தொட்டது அப்போதுதான். பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தத் திட்டம் சில ஆண்டுகளாக நின்றுபோய்விட்டது. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கணினி தருவதாக 2025 பட்ஜெட்டில் அரசு அறிவித்தது. வரவேற்கிறோம். ஆனால் கல்லூரி வாசலை மிதிக்காமலே நின்றுவிடும் பிள்ளைகள் இந்த மலையில்தான் இருக்கிறார்கள்.

சாதியைக் கணினி கேட்பதில்லை என்பவர்கள் ஒரு நாள் இ-சேவை மையத்தில் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். கொல்லிமலை மக்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். கேரளத்து மலையாளிகள் அல்ல, மலையை ஆள்பவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்பவர்கள். இதே பெயர் கொண்ட மக்கள் ஈரோடு மாவட்ட மலைகளிலும் இருக்கிறார்கள். பழைய சேலம் மாவட்டம் பட்டியலில் இருந்ததால் அதிலிருந்து 1997இல் பிரிந்த நாமக்கல்லில் இவர்கள் பழங்குடியினர். ஈரோட்டில் அந்தத் தகுதி கேட்டு இன்னும் போராடுகிறார்கள். இந்தக் கோட்டை மலை போடவில்லை, பட்டியல் போட்டது. கணினி அந்தப் பட்டியலைக் கேள்வி கேட்காமல் நிறைவேற்றுகிறது, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் சான்றிதழ் வழங்கும் வேலையைக் கணினிக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். 1999க்குப் பிறகு திருவாரூர் ஆட்சியராக இருந்து அந்த மாவட்டத்தை மின்னாளுகைக்கு முன்மாதிரியாக்கினார். பிறகு எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக லினக்ஸையும் கட்டற்ற மென்பொருளையும் அரசு அலுவலகங்களுக்குக் கொண்டுவரப் பாடுபட்டார். தலித் சமூகத்திலிருந்து வந்த அந்த அதிகாரியை 2010 ஜூலையில் அரசு பணியிடை நீக்கம் செய்தது. சொல்லப்பட்ட காரணம், அவருடைய சாதிச் சான்றிதழ். ஊழல்களைத் தோண்டியதற்கான பழிவாங்கல் இது என்றார் அவர். தலித் அமைப்புகள் கொதித்தன. அந்த உத்தரவு பிறகு திரும்பப் பெறப்பட்டது. அவருடைய எல்லாக் கருத்துகளோடும் எங்களுக்கு உடன்பாடு இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஊருக்கே சான்றிதழைக் கணினியில் வரவைத்தவரிடம் உன் சான்றிதழைக் காட்டு என்று கேட்ட நாட்டில்தான் நாம் இருக்கிறோம் என்பதை மறக்க முடியாது.

கடல் தாண்டினால் தீருமா? 2020 ஜூனில் கலிஃபோர்னியா மாநிலத்தின் அரசுத் துறை ஒன்று சிஸ்கோ நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. ஒரு தலித் பொறியாளரை ஆதிக்கச் சாதி மேலாளர்கள் ஒதுக்கினார்கள், அவர் ஐ.ஐ.டி.யில் இட ஒதுக்கீட்டில் சேர்ந்தவர் என்பதைச் சக ஊழியர்களிடம் சொன்னார்கள் என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் மறுத்தது. மேலாளர்கள் இருவர் மீதான வழக்கை 2023இல் அந்தத் துறையே விலக்கிக்கொண்டது, நிறுவனத்தின் மீதான வழக்கு தொடர்ந்தது. தீர்ப்பை நாங்கள் எழுதப் போவதில்லை. ஆனால் அந்தச் செய்தியைப் படித்த அன்று நாங்கள் நால்வரும் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டது ஒரே சொல்தான்: "சன்னல்."

இதையெல்லாம் அடுத்தவர்கள் தவறாக மட்டும் எழுதிவிட்டுப் போனால் அது நேர்மையாகாது. எங்கள் தவறையும் சொல்ல வேண்டும்.

செம்மேட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு வாடகை அறையில் வகுப்பு நடக்கிறது. ஐந்து லேப்டாப்கள். அதில் மூன்று, பேட்டரி செத்துப்போன பழைய அரசு லேப்டாப்கள். மின்சாரம் போனால் நாமக்கல்லிலிருந்து வாங்கி வந்த பழைய லாரி பேட்டரியும் ஒரு இன்வெர்ட்டரும் கைகொடுக்கும். எழுபது கொண்டை ஊசி வளைவிலும் அந்த பேட்டரியை மடியில் வைத்துக்கொண்டு வந்தோம்.

போன ஆண்டு, வளப்பூர் நாட்டிலிருந்து வரும் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், எங்கள் வேலைக்கென்று வைத்திருந்த லேப்டாப்பை எடுத்து என்னவோ செய்து, வன்தட்டை மொத்தமாக ஃபார்மேட் செய்துவிட்டான். ஆறு மாதக் களக் குறிப்புகள் போயின. நாங்கள் கத்தினோம். "யாரைக் கேட்டுடா தொட்டே?" என்று கத்தினோம். அந்த வாக்கியம் எங்கள் வாயிலிருந்துதான் வந்தது.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் இல்லை. அவன் வீட்டைத் தேடிப் போனோம். பாதி வழி நடை. அம்மா மிளகு காய வைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மன்னிச்சிருங்க சார். இனிமே தொடமாட்டான்."

எங்களுக்கு நாக்கு எழவில்லை. காலனியில் எங்கள் அம்மாக்கள் எத்தனை வாசலில் நின்று இதே வார்த்தைகளைச் சொல்லியிருப்பார்கள்! அவர்கள் பிள்ளைகளான நாங்கள், இந்த அம்மாவைச் சொல்ல வைத்துவிட்டோம். "தொடணும்மா, அவன் தொடத்தான் வரணும், தப்பு எங்க மேல" என்று சொல்லிவிட்டு வந்தோம். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை.

பையன் ஒரு மாதம் கழித்து வந்தான். அன்று அவனுக்கு முழுதாகச் செத்துப்போன ஒரு லேப்டாப்பையும் ஒரு திருப்புளியையும் கொடுத்து, பிரித்துப் போடு என்றோம். எங்கள் குழுவில் ஒருவரின் அப்பா செருப்புத் தைப்பவர், அன்று எங்களோடு மலைக்கு வந்திருந்தார். மூடி திறக்காமல் பையன் திணறியபோது, அவர் தன் பையிலிருந்து குத்தூசியை எடுத்து விளிம்பில் கொடுத்து லேசாக நெம்பினார். ஒரு கீறல் விழாமல் திறந்தது. "தோலோ பிளாஸ்டிக்கோ, எங்க இளகும்னு கை கண்டுபிடிக்கணும் சாமி," என்றார். உள்ளே விசிறியில் எறும்புக் கூடு. பையன் சிரித்த சிரிப்பை நாங்கள் நெடுநாள் கழித்துப் பார்த்தோம். அந்தக் குத்தூசி பிடிக்கும் கைக்கு நுட்பம் என்று இந்தச் சமூகம் பெயர் வைத்ததே இல்லை, இழிதொழில் என்றுதான் வைத்தது.

இப்போது அறையின் சுவரில் ஒரே விதிதான்: எதையும் தொடலாம், கெடுத்தால் எப்படிக் கெட்டது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். குறிப்புகளை நாங்கள் இரண்டு இடத்தில் சேமிக்கக் கற்றுக்கொண்டோம். அதை அந்தப் பையன்தான் கற்றுக் கொடுத்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

இது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. பெங்களூருவில் சுதர்சன் லேஅவுட் குடிசைப் பகுதியில், கட்டற்ற மென்பொருள் தன்னார்வலர்கள் அம்பேத்கர் சமூகக் கணினி மையம் என்ற ஒன்றை நடத்திக் காட்டினார்கள். பழைய கணினிகளில் குனூ லினக்ஸ். அங்கிருந்த பிள்ளைகள் கிம்ப் மென்பொருளில் படம் வரைந்து காட்சிக்கு வைத்தார்கள். தமிழில் கணியம் இதழ் 2012 முதல் லினக்ஸையும் நிரலாக்கத்தையும் எளிய தமிழில் இலவசமாகத் தந்து வருகிறது. தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுத எழில் என்ற மொழி இருக்கிறது. ஆங்கிலம் வந்தால்தான் கணினி வரும் என்று எங்களை மிரட்டிய காலம் போய்விட்டது. இல்லாதது நேரமும் சாவியும்தான்.

சாவி என்று சும்மா சொல்லவில்லை. அரசுப் பள்ளிகளில் ஹைடெக் ஆய்வகங்கள் வந்திருக்கின்றன. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பாடத்தில் ஸ்கிராட்ச் நிரலாக்கம்கூட இருக்கிறது. ஆனால் எங்கள் வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் கேட்டால், பலரும் கணினியை இணையத் தேர்வு எழுதும் நாளில் மட்டும் பார்க்கிறார்கள். மற்ற நாளெல்லாம் பூட்டு. கேட்டால், பிள்ளைகள் கெடுத்துவிடுவார்கள் என்கிறார்கள். கெட்டுப் போனால் பதில் சொல்ல வேண்டியது ஆசிரியர் என்பதால் அவர்களை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

எனவே எங்கள் கோரிக்கைகள் எளியவை.

பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் விடுதிகளிலும் உள்ள கணினி அறைகள் மாலையிலும் விடுமுறை நாளிலும் திறந்திருக்க வேண்டும். அங்கேயே தங்கும் பிள்ளைகளுக்குப் பூட்டிய அறையைக் காட்டுவது கொடுமை. பிள்ளைகள் கையில் கணினி பழுதானால் அந்தச் செலவை ஆசிரியர் தலையில் கட்டாத ஓர் அரசாணை வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்தே கணினிக்கெனத் தனி ஆசிரியர் வேண்டும். அரசு அலுவலகங்களில் கண்டம் என்று ஒதுக்கி ஏலம் விடும் கணினிகளில் ஒரு பங்கையாவது பள்ளிகளுக்குப் பிரித்துப் பார்க்கக் கொடுக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கான லேப்டாப் திட்டம் திரும்ப வேண்டும், முதலில் மலைப் பள்ளிகளுக்கும் சேரிப் பள்ளிகளுக்கும்.

இட ஒதுக்கீடு இருக்கையைத் தரும். அந்த இருக்கையில் உட்காரும்போது கை நடுங்காமல் இருக்க, பத்து வயதில் ஒரு இயந்திரத்தைப் பயமில்லாமல் கெடுத்துப் பார்த்திருக்க வேண்டும். மற்றவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது கிடைத்திருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கும் கேட்கிறோம்.

இதைப் படிக்கும் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் செத்துப்போன லேப்டாப் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். மலைக்கு வரும்போது கொண்டுவாருங்கள். ஓடும் லேப்டாப்பாக இருந்தால் இன்னும் நல்லது. இரண்டையும் பிரித்துப் போட இங்கே ஆள் இருக்கிறது.

ஜெய் பீம்.